வினிகரில் ஊறிய பச்சை மிளகாய்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

தள்ளுவண்டி ஃபிரைட் ரைஸ் கடையில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வினிகரில் நறுக்கிப் போட்ட பச்சை மிளகாய் வைத்திருப்பார்களே, அதை ஒரு ஸ்பூன் மேலே ஊற்றிக்கொண்டால் சாதாரண நூடுல்ஸ்கூட எழுந்து உட்காரும். அதைத்தான் இங்கே வீட்டில் போடப் போகிறோம், கொஞ்சம் நிதானமாக, கொஞ்சம் நல்ல பொருட்களை வைத்து. வேலை மொத்தமே அரை மணி நேரம்தான். வெயிலில் காய வைக்க வேண்டாம், எண்ணெய் காய்ச்ச வேண்டாம், தினமும் ஜாடியைக் குலுக்கி வைக்கிற வேலையும் கிடையாது. இன்றைக்கு ராத்திரி போட்டு வைத்தால் நாளை மதியம் தயிர் சாதத்துக்கு எடுத்துவிடலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம் வீட்டு ஆவக்காய், எலுமிச்சை ஊறுகாய் மாதிரி வருஷக்கணக்கில் அலமாரியில் இருக்கிற சரக்கு இல்லை. அவற்றில் உப்பு ஏகமாக இருக்கும், மேலே எண்ணெய் நிற்கும், வெயிலில் வைத்து ஈரத்தையும் எடுத்திருப்போம். இதில் உப்பு குறைவு, எண்ணெய் கிடையாது, மிளகாயின் ஈரம் அப்படியே இருக்கிறது. கெடாமல் காப்பது வினிகரின் புளிப்பும் ஃப்ரிட்ஜின் குளிரும்தான். ஆகவே மிளகாயை மாற்றுங்கள், மசாலாவை மாற்றுங்கள், சீனியைக் கூட்டுங்கள் குறையுங்கள், எல்லாம் உங்கள் இஷ்டம். புளிப்பை மட்டும் குறைக்காதீர்கள்.

நான் குறைத்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முதல்முறை போட்டபோது வினிகர் வாசனை தூக்கலாக இருக்கிறதே என்று ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்தேன். மிளகாயைக் கீறாமல் முழுசாகவே போட்டேன். பார்க்க அழகாக இருந்தது என்று சமையலறை மேடையிலேயே வைத்தேன். எட்டு ஒன்பது நாளில் தண்ணீருக்கு மேலே மாவு தூவினாற்போல வெள்ளையாக ஒரு படலம். மூடியைத் திறந்ததும் பழைய கஞ்சி வாடை. மிளகாய் ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தால் உள்ளே வினிகர் ஒரு சொட்டுகூடப் போகவில்லை, வெறும் காற்றுதான் இருந்தது. கால் கிலோ மிளகாயும் குப்பைக்குப் போனது. அன்றைக்கு நான் செய்த மூன்று தவறுகளையும் செய்யாமல் இருந்தாலே உங்கள் பாட்டில் நன்றாக வந்துவிடும்.

மிளகாய் வாங்குவது

நான் வாங்குவது பெரும்பாலும் மதுரை அண்ணாநகர் உழவர் சந்தையில். 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை அது. காலையில் ஏழு மணிக்குள் போய்விட்டால் மிளகாய் முறுக்காக இருக்கும். அங்கே மிளகாய் விற்கும் ஓர் அக்காவிடம், "யக்கா, இது என்னைக்குப் பறிச்சது?" என்று கேட்டேன். "என்னையக் கேக்காத, காம்பப் பாரும்மா. காம்பு பச்சையா வெடுக்குனு ஒடிஞ்சா நேத்துப் பறிச்சது. கறுத்துப்போய் வளைஞ்சா அதத் தாளிக்க வச்சுக்க, ஊறப் போடாத" என்றார். அன்றிலிருந்து நான் பார்ப்பது காம்பைத்தான். ஒன்றிரண்டை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தோல் பளபளவென்று இருக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கக் கூடாது. சுருங்கிய மிளகாயை வினிகர் நிமிர்த்தாது, இன்னும் தொளதொளவென்று ஆக்கிவிடும். எந்த வகை என்பது உங்கள் நாக்கைப் பொறுத்தது. ஒல்லியாகக் கரும்பச்சையாக இருக்கிற நீள மிளகாய் நல்ல காரம், தோலும் மெல்லிசு, சீக்கிரம் ஊறும். அதைவிடக் கொஞ்சம் தடிமனாக வெளிர்பச்சையில் வருவது காரம் குறைவு, சதை அதிகம், கடித்தால் நறுக்கென்று இருக்கும், முதல்முறை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பஜ்ஜி மிளகாயிலும் போடலாம், குழந்தைகள்கூடச் சாப்பிடுவார்கள். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கறிமிளகாய் அந்த இடத்தை நிரப்பும். கன்னியாகுமரிப் பக்கம் கிடைக்கிற காந்தாரி மிளகாய் ஊறினால் அபாரமாக இருக்கும், ஆனால் ஒன்றைக் கடித்தவர் அடுத்த ஐந்து நிமிஷம் பேச மாட்டார், அதனால் தனியாகச் சின்ன பாட்டிலில் போடுங்கள். பச்சை மிளகாய்க்கு நடுவே நாலைந்து பழுத்த சிவப்பு மிளகாய் சேர்த்தால் லேசான இனிப்பு வரும், பாட்டிலும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

அரை லிட்டர் பாட்டிலுக்கு 200 கிராம் மிளகாய் சரியாக இருக்கும். இதையே கணக்காக வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன்.

வினிகர்

கடையில் வெள்ளை வினிகர் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் செயற்கை வினிகர், அதாவது அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. லேபிளிலேயே 'சிந்தெடிக்' என்று போட்டிருக்கும். இதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை, விலையும் குறைவு, மிளகாயின் நிறத்தையும் மாற்றாது. ஆனால் வாசனை கொஞ்சம் முரட்டுத்தனமாக மூக்கில் ஏறும். பழத்திலிருந்தோ தானியத்திலிருந்தோ புளிக்க வைத்து எடுத்த வினிகர் கிடைத்தால் ருசி இன்னும் சாதுவாக இருக்கும். ஆப்பிள் வினிகரிலும் போடலாம், நிறம் மட்டும் கொஞ்சம் பழுப்பாகும். இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து எடுக்கும் வினாகிரி கிடைக்கிறது, அதில் போட்ட மிளகாய்க்குத் தனி மணம்.

எதை வாங்கினாலும் லேபிளைத் திருப்பி அமிலம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 5 சதவீதம் என்று இருந்தால் இரண்டு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலக்கலாம், நம் கணக்குக்கு 200 மில்லி வினிகர், 100 மில்லி தண்ணீர். 4 சதவீதம் என்று இருந்தால் தண்ணீரே வேண்டாம், 300 மில்லியும் வினிகராகவே ஊற்றுங்கள். சதவீதமே போடாத வினிகரை இதற்கு வாங்காதீர்கள். வினிகர் எசன்ஸ் என்றோ அசிட்டிக் ஆசிட் என்றோ கெட்டியாக விற்பதை வாங்கி வீட்டில் கலக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். தோலில் பட்டாலே புண்ணாகிவிடும், அளவு தவறினால் இன்னும் மோசம்.

இந்தச் சதவீதக் கணக்கில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மிளகாய்க்குக் காரம் உண்டே தவிர புளிப்பு போதாது. எலுமிச்சை, மாங்காய் மாதிரி தன்னைத்தானே காத்துக்கொள்கிற காய் இல்லை அது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத, ஈரமான இடத்தில் வளரக்கூடிய ஒரு பாக்டீரியா இருக்கிறது, பாட்டுலிசம் என்கிற கொடிய நோயை உண்டாக்கும் விஷத்தை அதுதான் சுரக்கிறது. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே போனால், அதாவது போதுமான புளிப்பு இருந்தால், அதனால் வளர முடியாது. மூடிய பாட்டில், உள்ளே ஈரமான மிளகாய், கூடவே பூண்டு என்றால் அந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த இடம். அதை விரட்டுவது நாம் ஊற்றுகிற வினிகர்தான். அதைத் தண்ணீராக்கினால் காவலாளியைத் தூங்க வைத்த மாதிரி.

மற்ற சாமான்கள்

கல்லுப்பு ஒன்றரை டீஸ்பூன், சுமார் 10 கிராம். தூளுப்பிலும் வரும், ஆனால் அது கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கிற பொருளால் சில சமயம் வினிகர் கலங்கலாகத் தெரியும், ருசிக்கு ஒன்றும் ஆகாது. சீனி இரண்டு டீஸ்பூன். ஊறுகாயில் எதற்குச் சீனி என்று தோன்றும். இனிப்பு தெரிகிற அளவுக்கு இல்லை இது, வினிகரின் முனையை மழுக்குவதற்கு மட்டும். ஒரு தடவை போட்டும் ஒரு தடவை போடாமலும் செய்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பூண்டு ஆறு பல், தோலுரித்து லேசாகத் தட்டியது. மிளகு பத்து. கடுகு அரை டீஸ்பூன். பிரியாணி இலை ஒன்று இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை சேர்ப்பவர்கள் உண்டு, எனக்கு வினிகர் தெளிவாக இருந்தால்தான் பிடிக்கும் என்பதால் சேர்ப்பதில்லை.

பெருங்காயம், வெந்தயப்பொடி பக்கம் போகாதீர்கள். அவை எண்ணெயில் பொரிந்தால்தான் மணக்கும், வினிகரில் கசப்புதான் மிஞ்சும்.

பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில் எதுவானாலும் சரி, பழைய வாசனை போயிருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, வெயிலிலோ அடுப்பு பக்கத்திலோ கவிழ்த்து வைத்து நன்றாகக் காய விடுங்கள். மூடி தகரமாக இருந்தால் வினிகர் ஆவி பட்டு உட்புறம் துருப்பிடிக்கும், ஒரு பட்டர் பேப்பர் துண்டை வாயில் வைத்து அதன்மேல் மூடுங்கள். அலுமினியப் பாத்திரமும் பித்தளையும் இந்த வேலைக்கு ஆகாது, புளிப்பு அதைத் தின்னும். வினிகர் காய்ச்ச எவர்சில்வர் பாத்திரம்.

கழுவுவதும் நறுக்குவதும்

மிளகாயைக் காம்போடு கழுவுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் வராது. கழுவியபின் பருத்தித் துணியில் பரப்பி ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் பூண்டை உரித்துவிடலாம்.

கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு சின்ன பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும். இருபது முப்பது மிளகாயை நறுக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனியெல்லாம் தீயில் காட்டினாற்போல எரியும், அந்தக் கையால் கண்ணைத் தொட்டுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், கைக்குழந்தையைத் தூக்குகிறவர்கள் கட்டாயம் கையுறை போடுங்கள். எரிச்சல் வந்துவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. காரத்தைத் தருகிற கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ கையில் நன்றாகத் தேய்த்து, பிறகு பாத்திரம் விளக்குகிற சோப்பால் கழுவுங்கள். இரண்டு தடவை செய்தால் முக்கால்வாசி அடங்கிவிடும்.

நறுக்குவதில் இரண்டு வழி. வட்டவட்டமாக அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கினால் ஒரே நாளில் ஊறும், ஸ்பூனால் அள்ளிப் போட வசதி, நூடுல்ஸ், ஆம்லெட், சாண்ட்விச் எல்லாவற்றுக்கும் ஆகும். ரொம்ப மெல்லிசாக நறுக்கினால் மூன்றாம் நாளே குழைந்துவிடும், அதனால் அரை சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். இன்னொன்று, காம்பை நுனி மட்டும் விட்டு வெட்டி, நடுவில் நீளமாக ஒரு கீறல். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதுதான் நன்றாக இருக்கும், ஆனால் ஊற நாலைந்து நாள் பிடிக்கும். கீறல் உள்ளே காற்றுப்பை வரைக்கும் போக வேண்டும், மேல்தோலில் கோடு போட்டால் போதாது. எந்த வழியானாலும் பாட்டிலுக்குள் ஒரு முழு மிளகாயும் கீறாமல் போகக் கூடாது.

விதையை எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். காரம் விதையில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அது உற்பத்தியாவது விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த வெள்ளை நரம்பில். விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதுவும் காரமாகத் தெரிகிறது. காரம் குறைய வேண்டுமானால் ஸ்பூன் காம்பை உள்ளே விட்டு அந்த நரம்பைச் சுரண்டி எடுங்கள், விதை தானாக வந்துவிடும். நான் பாதி மிளகாய்க்கு எடுத்துவிட்டுப் பாதிக்கு அப்படியே விடுவேன்.

மலேசியா, சிங்கப்பூரில் வான்டன் மீ என்கிற நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் சின்னத் தட்டில் ஊறிய பச்சை மிளகாய் வைப்பார்கள். அதில் பச்சை வாடையே இருக்காது. நறுக்கிய மிளகாயை வடிகட்டியில் போட்டு அதன்மேல் கொதிக்கிற தண்ணீரை ஒரு தடவை ஊற்றி உடனே வடித்துவிடுவதுதான் விஷயம். பச்சை வாடை பிடிக்காதவர்கள் இதைச் செய்யலாம். வடித்தபின் நன்றாக ஆறவிட்டு ஈரம் போனபின் பாட்டிலில் போடுங்கள். நீள மிளகாயில் நான் இதைச் செய்வதில்லை, அதன் பச்சை மணம்தான் எனக்கு வேண்டும்.

வினிகரைக் காய்ச்சி ஊற்றுவது

பாட்டிலின் அடியில் மிளகு, கடுகு, பாதிப் பூண்டு. அதன்மேல் மிளகாயைப் போட்டு ஸ்பூனின் பின்புறத்தால் லேசாக அழுத்தி நிரப்புங்கள், நசுக்க வேண்டாம். மீதிப் பூண்டை நடுவில் செருகுங்கள். கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். வினிகர் காயும்போது வருகிற ஆவி இருமலைக் கிளப்பும், பாத்திரத்துக்கு நேர் மேலே முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். வினிகர், தண்ணீர், உப்பு, சீனி எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். உப்பும் சீனியும் கரைந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்து, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் கொதிக்க விட்டால் அமிலமும் கொஞ்சம் ஆவியோடு போய்விடும், அடுக்களை நிறைய அதன் வாடைதான் மிஞ்சும்.

இரண்டு மூன்று நிமிஷம் ஆறட்டும். பாட்டிலைக் குளிர்ந்த கிரானைட் மேடையில் வைத்து ஊற்றாதீர்கள், மடித்த துணியின் மேலோ மரப்பலகையின் மேலோ வையுங்கள். ஒரு எவர்சில்வர் ஸ்பூனைப் பாட்டிலுக்குள் நிறுத்தி, அதன்மேல் படும்படி மெதுவாக முதலில் கால் பாட்டில் ஊற்றி, கண்ணாடி சூடு ஏறியதும் மீதியை ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பாட்டில் விரிசல் விடும்.

ஊற்றியதும் அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. மிளகாய்த் துண்டுகள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பி வரும். ஒவ்வொரு வளையத்தின் உள்ளிருந்தும் முத்து மாதிரி ஒரு காற்றுக்குமிழி வெளியே வந்து, விதையில் கொஞ்சம் ஒட்டி நின்று, பிறகு மேலே ஓடும். குமிழி போனதும் அந்தத் துண்டு மெதுவாக இறங்கும். ஸ்பூன் காம்பால் ஓரமாக விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒளிந்திருக்கிற காற்றும் வந்துவிடும், மட்டம் கொஞ்சம் இறங்கும், அப்போது மீதி வினிகரை ஊற்றி நிரப்புங்கள். கீறிப் போட்ட மிளகாய் என்றால் இந்தச் சுற்றுகிற வேலையை விடாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்றோடு மிதந்துகொண்டே இருக்கும்.

எல்லாத் துண்டும் வினிகருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே தலைகாட்டுகிற துண்டில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். மிதக்கிறது என்றால் ஒரு கேரட்டை நீளவாக்கில் பட்டையாகச் சீவி, பாட்டில் வாய்க்குள் வளைத்து விட்டால் அது கழுத்தில் குறுக்காக நின்று மிளகாயைக் கீழே அழுத்திக்கொள்ளும். அந்தக் கேரட்டும் பத்து நாளில் நல்ல ஊறுகாயாகிவிடும். மெக்சிகோவில் ஹலபேன்யோ மிளகாயை வினிகரில் போடும்போது கேரட்டையும் வெங்காயத்தையும் சேர்த்தே போடுகிறார்கள். மிளகாயின் தாய்மண் அந்தப் பக்கம்தான், போர்த்துக்கீசியர்கள் வந்தபிறகுதான் நம் ஊருக்கு அது வந்தது. கோவாவின் விந்தாலு குழம்பில் வினிகரும் பூண்டும் மிளகாயும் ஒன்றாகச் சேர்வதற்கும் அவர்கள் வழிதான் காரணம்.

பாட்டில் கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை திறந்தே இருக்கட்டும். பிறகு மூடி, அறைச்சூட்டுக்கு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.

மொறுமொறுப்புதான் முக்கியம் என்பவர்கள் வினிகரை முழுக்க ஆறவிட்டு ஊற்றலாம். ருசி இறங்க இரண்டு நாள் கூடுதலாகும், மிளகாய் கடைசிவரை நறுக்கென்று இருக்கும். நான் வட்டமாக நறுக்கியதற்கு ஆறவிட்டும், கீறிப் போட்டதற்குச் சுடச்சுடவும் ஊற்றுகிறேன்.

ஊறும்போது நடப்பவை

மறுநாள் திறந்து பார்த்தால் இலைப்பச்சையாக இருந்த மிளகாய் உப்புநெல்லிக்காய் நிறத்துக்கு வந்திருக்கும். பயப்படாதீர்கள். பச்சை நிறத்தைத் தருகிற பச்சையம் புளிப்பு பட்டதும் இப்படித்தான் மாறும், எந்த வினிகரானாலும் தப்பாது. பூண்டு நீலமாகவோ கரும்பச்சையாகவோ மாறினாலும் கொட்டிவிடாதீர்கள். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் செய்கிற வேலை அது, தாராளமாகச் சாப்பிடலாம். வட சீனாவில் பூண்டை வேண்டுமென்றே வினிகரில் போட்டு மரகதப் பச்சையாக்கிச் சாப்பிடுகிறார்கள்.

வட்டமாக நறுக்கியது ஒரு நாளில் சாப்பிடத் தயார், மூன்றாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும். கீறியது ஐந்தாம் நாள். முதல் நாள் காரம் தனியாக, புளிப்பு தனியாகத் தெரியும், ஒரு வாரத்தில் இரண்டும் சமாதானமாகிவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் கவலையில்லாமல் வைத்திருக்கலாம். இரண்டாவது மாதமும் கெடாது, மொறுமொறுப்புதான் போயிருக்கும். எடுக்கும்போது காய்ந்த சுத்தமான ஸ்பூன், சாதம் ஒட்டிய கையை உள்ளே விடவே கூடாது. நம் வீடுகளில் பாதி ஊறுகாய் கெடுவது அந்தக் கையால்தான்.

மேலே படலமோ பஞ்சு மாதிரிப் பூஞ்சையோ கண்ணில் பட்டால், வழுவழுப்பு வந்தால், மூடி உப்பினால், திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே இருப்பதை மட்டும் வழித்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடலாம் என்று பார்க்காதீர்கள், ருசித்துப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். 200 கிராம் மிளகாய்தானே.

வினிகர் ஆகாதவர்களுக்கு

அம்மாவுக்கு வினிகர் வாசனையே பிடிக்காது. அவருக்காக எலுமிச்சைச் சாற்றில் போடுவேன், இன்னும் சொல்லப்போனால் அது நம் வீடுகளில் வினிகர் வருவதற்கு முன்பே இருந்த வழி. 100 கிராம் மிளகாயை வட்டமாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுப் பிசறி, ஏழெட்டு நல்ல எலுமிச்சையின் சாற்றை வடிகட்டி மூழ்க ஊற்ற வேண்டும். இஞ்சியைத் தோல் சீவி மெல்லிய குச்சிகளாக நறுக்கிக் கூடவே போட்டால் ஒரு வாரத்தில் அது இளஞ்சிவப்பாகிவிடும், பாதிப் பேர் மிளகாயை விட்டு இஞ்சியைத்தான் தேடுவார்கள். அடுப்பே வேண்டாம், தண்ணீர் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. எலுமிச்சையின் புளிப்பும் வினிகருக்குக் குறைந்ததில்லை. ஆனால் சாற்றின் வாசனை சீக்கிரம் மங்கும், அதனால் பத்துப் பதினைந்து நாளில் முடித்துவிடுகிற அளவுக்கே போடுங்கள்.

கொஞ்சம் கைவந்தபிறகு இலங்கை அச்சாறு போட்டுப் பாருங்கள். சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், குச்சியாக நறுக்கிய கேரட், எல்லாவற்றையும் வினாகிரியில் ஒரு கொதி விட்டு எடுத்து, கடுகை அதே வினாகிரியோடு கொஞ்சம் சீனியும் உப்பும் சேர்த்து அரைத்துப் புரட்டுவார்கள். கடுகின் காரம் மூக்கிலும் மிளகாயின் காரம் நாக்கிலும் ஏறும். புரியாணிக்கு அதைவிட ஜோடி எனக்குத் தெரியாது.

தீர்ந்தபிறகு

மிளகாய் தீர்ந்து பாட்டிலில் வினிகர் மட்டும் மிஞ்சும்போது அதிலேயே புது மிளகாயைப் போடலாமா என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். முதல் மிளகாயிலிருந்து தண்ணீர் இறங்கி அந்த வினிகர் ஏற்கெனவே நீர்த்துப் போயிருக்கும், இரண்டாவது தடவைக்குப் புளிப்பு போதாது. அதைக் கொட்டவும் வேண்டாம். வெள்ளரிக்காய், வெங்காயம் நறுக்கிய சாலட்டில் இரண்டு ஸ்பூன் ஊற்றலாம். மீன் வறுவல் மசாலா பிசையும்போது எலுமிச்சைக்குப் பதிலாக இதை விடலாம், பூண்டு வாசனையோடு நன்றாகப் பிடிக்கும். முட்டை ஃபிரைட் ரைஸை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன் வாணலியின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் சுற்றி விட்டால், சுர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் வீடு முழுக்க அந்தத் தள்ளுவண்டிக் கடை வாசனை.